40 டிகிரிக்கு எழுதிய அறிவுரை

பென்னாகரம் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளி. அதன் அறிவியல் ஆய்வகத்தில், அமிலக் குப்பிகள் வைக்கிற அலமாரிக்கு மேலே ஒரு டெலஸ்கோப் அட்டைப் பெட்டியோடு கிடக்கிறது. 114 மி.மீ. ஆடி, 900 மி.மீ. குவியத் தூரம், ஈக்விடோரியல் மவுண்ட். ஆறு வருஷத்துக்கு முன்னால் அதை வாங்கச் சொன்னது நான்தான். ஆசிரியர்கள் கைக்காசு போட்டு வாங்கினார்கள். மொத்தமாக நாலு ராத்திரி வெளியே வந்திருக்கும்.

ஜனவரியில் அந்த டீச்சர் போன் பண்ணினார். "சார், கொஞ்சம் காசு சேந்திருக்கு. இதைவிட நல்லதா ஒண்ணு சொல்லுங்க, போட்டோ எடுக்கிற மாதிரி." நான் உடனே பதில் சொல்லவில்லை. முதல் தடவை எங்கே தப்பு பண்ணினேன் என்று தெரியாமல் இரண்டாவது தடவை வாயைத் திறக்கக் கூடாது என்று தோன்றியது.

தப்பு பெட்டியில் இல்லை. பெட்டியில் இருந்த பொய் எல்லோருக்கும் தெரிந்த பொய்தான்: "675 மடங்கு பெரிதாக்கும்". 900 மி.மீ. குவியத் தூரத்தை 4 மி.மீ. ஐபீஸால் வகுத்தால் 225. கூடவே தரும் 3 மடங்கு பார்லோவைச் சொருகினால் 675. கணக்கு சரி. ஆனால் ஆடியின் விட்டத்துக்கு மி.மீ.க்கு 2 மடங்கு என்பதுதான் நடைமுறை எல்லை, அதாவது 228. அதற்கு மேல் போனால் வியாழன் பெரிய மஞ்சள் கறையாகத் தெரியும், அதுவும் பூமி சுற்றுகிற வேகத்தில் 15 விநாடிக்குள் பார்வையை விட்டு ஓடிவிடும். இது எனக்கு அப்போதே தெரியும். டீச்சரிடம் சொல்லியும் இருந்தேன்.

நான் ஏமாந்தது விளம்பரத்தில் இல்லை, நல்ல புத்தகங்களில். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கை கன்சால்மேக்னோவும் டான் டேவிசும் எழுதிய 'டர்ன் லெஃப்ட் அட் ஓரையன்' 1989இல் முதல் பதிப்பு வந்த புத்தகம். சின்ன டெலஸ்கோப் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நேர்மையான புத்தகம் நான் பார்த்ததில்லை. அதன் பெருமை படங்களில் இருக்கிறது. விண்வெளித் தொலைநோக்கி எடுத்த வண்ணப் படங்களைக் காட்டி ஆசை காட்டாமல், சின்னக் கருவியில் கண்ணுக்கு என்ன தெரியுமோ அதைக் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியமாகப் போட்டிருப்பார்கள். மங்கலான புகைத் திட்டு என்றால் மங்கலான புகைத் திட்டுதான். பாதிப் பேர் டெலஸ்கோப்பை மூட்டை கட்டி வைப்பதற்குக் காரணம் எதிர்பார்ப்பு. அதை இந்தப் புத்தகம் முதல் பக்கங்களிலேயே சரி செய்துவிடுகிறது.

ஆனால் அது எந்த வானத்துக்கு எழுதப்பட்டது? வட அமெரிக்கா, ஐரோப்பா வானத்துக்கு. ஏறக்குறைய 40, 45 டிகிரி வடக்கு. பிந்தைய பதிப்புகளில் தெற்கு அரைக்கோளத்துக்குத் தனிப் பகுதி சேர்த்தார்கள். அதாவது உலகத்தில் ரெண்டே ரெண்டு வகை வாசகர்கள்: நியூயார்க்காரர், சிட்னிக்காரர். நடுவில் இருக்கிற நாம் ரெண்டு பகுதியையும் புரட்டி நாமே தைத்துக்கொள்ள வேண்டும். இதில் வேடிக்கை, கன்சால்மேக்னோ 1980களில் அமெரிக்க அமைதிப் படையில் சேர்ந்து கென்யாவில் பாடம் நடத்தியவர். பூமத்திய ரேகை ஓடுகிற நாடு. (பின்னாளில் ஏசு சபைத் துறவியாகி வாட்டிகன் வானாய்வகத்துக்கு இயக்குநரானார்.)

இந்த ஒரு புத்தகத்தை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. கருவி வாங்குவது பற்றி வருகிற யூடியூப் விமர்சனங்கள், "தொடக்கக்காரர்களுக்கான பத்து டெலஸ்கோப்" பட்டியல்கள் எல்லாமே அதே அட்சரேகையிலிருந்துதான் பேசுகின்றன. அது அவர்களுக்கே தெரியாது. நமக்கும் தெரிவதில்லை.

தர்மபுரி 12 டிகிரி வடக்கு. இந்த ஒரு எண் கருவியை என்ன செய்கிறது என்று பாருங்கள்.

ஈக்விடோரியல் மவுண்டின் ஒரு அச்சு துருவத்தைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் ஒரே அச்சைச் சுழற்றி நட்சத்திரத்தைத் துரத்த முடியும். துருவ நட்சத்திரத்தின் உயரம் உங்கள் அட்சரேகைதான். நியூயார்க்கில் அது வானத்தில் கிட்டத்தட்ட பாதி உயரத்தில் இருக்கும். இங்கே? கையை நீட்டி முஷ்டி பிடித்தால் சுமார் 10 டிகிரி. அதற்குச் சற்று மேலே. தர்மபுரியிலிருந்து நேர் வடக்கே கிருஷ்ணகிரி. அந்த ஊரின் வெளிச்சம் சரியாகத் துருவ நட்சத்திரத்துக்கு அடியில். கொஞ்சம் தள்ளி வடமேற்கில் ஓசூர், பெங்களூரு. 12 டிகிரி உயரத்தில் வெளிச்சம் தலைக்கு மேல் கடப்பதைப்போல நாலரை மடங்குக்கு மேல் காற்றைத் தாண்டி வரவேண்டும். மார்ச் மாதப் புழுதியில் அந்த நட்சத்திரத்தை வெறும் கண்ணால் பிடிப்பதே பாடு. ஒரு தென்னை மரமோ பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டியோ இருந்தால் கதை முடிந்தது.

பள்ளிக்கூட மவுண்டில் இன்னொரு கூத்து. அட்சரேகைத் திருகு 20 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. தெற்குப் பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்துச் சாய்த்தோம். அப்புறம் எதிர் எடைத் தண்டு. 40 டிகிரியில் அது சாய்வாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 12 டிகிரியில் கிட்டத்தட்ட செங்குத்தாகத் தொங்கி முக்காலியின் வடக்குக் காலில் இடிக்கும். "டங்"கென்று ஒரு சத்தம், பட்ட கஷ்டமெல்லாம் போச்சு. பிள்ளைகள் சிரித்தார்கள். நான் கருவியைக் குறை சொன்னேன். கருவியில் ஒரு தப்பும் இல்லை, அது வேறு ஊருக்குச் செய்தது. வாங்குவதற்கு முன் மவுண்டின் அட்சரேகை வரம்பைப் பாருங்கள் என்று எந்தப் பட்டியலும் எனக்குச் சொல்லவில்லை. நானும் டீச்சருக்குச் சொல்லவில்லை.

இதே அட்சரேகையை விரும்பித் தேடி வந்தவர் ஒருவர் உண்டு. அரூரிலிருந்து ஊத்தங்கரை, திருப்பத்தூர், ஆலங்காயம் வழியாகப் போனால் ஜவ்வாது மலையில் காவலூர். 1960களில் வைணு பாப்பு அந்த இடத்தைப் பிடித்ததற்கு ஊர் வெளிச்சம் எட்டாத காடு ஒரு காரணம். 12 அரை டிகிரியில் இருந்து தென் வானத்தின் பெரும் பகுதியைப் பார்க்க முடியும் என்பது இன்னொன்று. அங்கே முதலில் வைத்தது கோடைக்கானலில் நம் ஆட்களே செய்த 38 செ.மீ. தொலைநோக்கி. இன்றைக்கு அமெரிக்காவில் வசதியான அமெச்சூர்கள் கொல்லைப்புறத்தில் வைத்திருக்கும் அளவுதான். 1986இல் இயங்கத் தொடங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கியும் ஈக்விடோரியல் மவுண்டில்தான் நிற்கிறது. ஆனால் அதன் குதிரை லாட மவுண்டு அந்த இடத்துக்கென்றே வடிவமைத்தது. தொழில்முறை ஆட்கள் முதலில் ரேகையைப் பார்த்தார்கள், பிறகு இரும்பை வளைத்தார்கள். நாம் இரும்பை வாங்கிவிட்டு செங்கல் தேடுகிறோம்.

ரேகை நமக்குத் தருவதும் நிறைய. ஒமேகா சென்டாரி என்கிற கோள நட்சத்திரக் கொத்து நியூயார்க்கில் அடிவானத்தை உரசும். நமக்கு 30 டிகிரி ஏறும். மே மாத நடுவில் ராத்திரி 10 மணி வாக்கில் தெற்கே பைனாகுலரிலேயே தெரியும். மகம் நட்சத்திரம் ஏப்ரல் நடுவில் 9 மணிக்குப் பக்கத்தில் நம் உச்சந்தலையைக் கிட்டத்தட்ட அப்படியே கடக்கும். மெசியே 67 என்ற கொத்தும் அப்படித்தான். தலைக்கு மேலே காற்றின் தடிமன் குறைவு, நல்லது. ஆனால் டாப்சோனியன் வைத்திருப்பவருக்கு உச்சிதான் தொல்லை: அங்கே பக்கவாட்டில் தள்ளினால் குழாய் நகராமல் தன்னைத்தானே சுற்றும். அரை மணி முன்னாலோ பின்னாலோ பாருங்கள், தீர்ந்தது.

புத்தகத்தின் பருவக் கணக்கையும் நம்பக் கூடாது. அவர்கள் கோடையில் பார்க்கச் சொல்கிற தனுசு, விருச்சிகப் பொருள்கள் நமக்குத் தென்மேற்குப் பருவக்காற்றில் மாட்டிக்கொள்ளும். இலையுதிர்காலம் என்றால் இங்கே வடகிழக்கு மழை. நமக்குக் கிடைப்பது ஜனவரி முதல் ஏப்ரல் வரை. ஆகவே மாதத்தை மணியாக மாற்றிக்கொள்ள வேண்டும். மார்ச் நடுவில் விடியற்காலை 4 மணிக்கு எழுந்தால் தனுசு தென்கிழக்கில் நன்றாக ஏறியிருக்கும். மழை மாதங்களில் கருவிக்கு வேலை ஒன்றுதான்: பூஞ்சை பிடிக்காமல் இருப்பது. மூடியிட்ட பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், போதும்.

இனி போட்டோ. டீச்சர் கேட்டது அதுதானே.

இங்கேயும் ரேகையும் வெப்பமும் வேறு கணக்கு சொல்கின்றன. சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமராவில் அருமையான நெபுலா எடுத்துக் காட்டுகிறவர் 5 டிகிரி செல்சியஸ் குளிரில் நிற்கிறார். நாம் 25இல். சென்சாரின் வெப்ப மின்னோட்டம் ஏறத்தாழ 6 டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். 20 டிகிரி வித்தியாசம் என்றால் 10 மடங்கு, அதனால் வரும் இரைச்சல் 3 மடங்கு. அதே கேமரா, அதே ஷட்டர் நேரம், வேறு படம். "நம்ம கைவாகு சரியில்ல" என்று நினைத்து இன்னும் விலை கூடிய லென்ஸ் வாங்கப் போகிறவர்களை எனக்குத் தெரியும். லென்ஸை விடுங்கள். ஒவ்வொரு காட்சியையும் சின்னச் சின்னதாக எடுத்து அடுக்குங்கள், மூடி போட்ட இருட்டுப் படங்களை அதே ராத்திரி எடுங்கள்.

துருவ நட்சத்திரம் தெரியாத மொட்டை மாடியிலும் ஈக்விடோரியல் மவுண்டைச் சரி செய்யலாம், நினா மென்பொருளின் மூன்று புள்ளி முறை வானத்தின் எந்தப் பக்கத்தையும் பார்த்துக் கணக்குப் போட்டுவிடும். ஆனால் அதற்கு மவுண்ட், மோட்டார், கேமரா, லேப்டாப். ஒரு அரசுப் பள்ளியில் இதையெல்லாம் யார் தூக்கி வைப்பது?

இப்போது வருகிற சீஸ்டார் மாதிரித் தானியங்கிக் கருவிகளை நான் முதலில் ஏளனமாகத்தான் பார்த்தேன். 50 மி.மீ. லென்ஸ், போனில் தட்டினால் படம். ஆனால் ஒரு விஷயத்தில் அவை நம் ஊருக்குத் தோதானவை. மேலும் கீழும், இடமும் வலமும் மட்டும் அசைகிற மவுண்டில் படம் மெல்லச் சுழலும். ஓரையன் நெபுலா 40 டிகிரி ஊரில் வானத்தின் நடு உயரத்தில் இருக்கும்போது மணிக்குச் சுமார் 13 டிகிரி சுழலும். தர்மபுரியில் அது ஏறக்குறைய பாதிதான். கிழக்கில் ஏறும் பொருள்கள் நமக்கு நேராக மேலே ஏறுவதுதான் காரணம். உச்சியை நெருங்கும்போது மட்டும் தடுமாறும். விமர்சகர்கள் குறை என்று சொன்ன ஒன்று இங்கே பெரிய குறையே இல்லை. ஆனாலும் பள்ளிக்கு அதை நான் சொல்லவில்லை. நாற்பது பிள்ளைகள் ஒரு போன் திரையைச் சுற்றி நிற்பது அவர்கள் வீட்டிலேயே நடக்கிறது.

டீச்சருக்கு நான் சொன்னது: புது டெலஸ்கோப் வேண்டாம். 10x50 பைனாகுலர் ரெண்டு வாங்குங்க, மிச்சக் காசு இருக்கட்டும். பழைய குழாயை மட்டும் எடுத்துக்கொண்டு தச்சரிடம் போனோம். 18 மி.மீ. பிளைவுட்டில் ஒரு டாப்சன் பெட்டி. ஜான் டாப்சன் இந்த வடிவத்தைக் கண்டுபிடித்தபோது சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மரபு வேதாந்த மடத்தில் துறவி, கையில் காசில்லை. அதனால்தான் அது இவ்வளவு எளிது. சுழலும் பரப்புக்குத் தச்சர் சன்மைக்கா ஒட்டினார். டெஃப்ளான் கிடைக்காததால் சமையலறையில் காய் நறுக்கும் பிளாஸ்டிக் பலகையை வெட்டி வைத்தோம். வழுக்கிக்கொண்டு போகிறது.

பிப்ரவரியில் ஆய்வக ஸ்டூல் மேல் வைத்து ஓரையனைக் காட்டினோம். 10 மி.மீ. ஐபீஸ், 90 மடங்கு. எட்டாவது படிக்கிற ஒரு பெண் ரொம்ப நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்துவிட்டு, "சார், அந்தப் பொகைக்குள்ள நாலு நட்சத்திரம் இருக்கு, ஒண்ணு மட்டும் டல்லா இருக்கு" என்றாள். நான் எதையும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.

மவுண்ட் இன்னும் அலமாரி மேல்தான் கிடக்கிறது. துருவ அச்சு எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று பூமி சுழற்சிப் பாடத்துக்குக் காட்டலாமே என்கிறார் டீச்சர். செங்கல்லும் கூட வேணும்னு சொல்லியிருக்கேன்.