தன்மோக நோயும் இரு மருத்துவ நெறிகளும்

தன்னைத் தானே வியந்து திரிபவனைச் செருக்கன் என்று ஒதுக்குவது உலக வழக்கு. அச்செருக்கு நோயாகவும் இருக்கலாம் என்பது உளநூலார் துணிபு. நீரில் தோன்றிய தன் உருவையே காதலித்து மாய்ந்த நார்சிசஸ் என்னும் கிரேக்கக் கதைமாந்தன் பெயரால் அவர்கள் அதனை வழங்குவர். நாம் தன்மோகம் எனலாம். ஃபிராய்டு 1914ஆம் ஆண்டில் இதுபற்றித் தனிக் கட்டுரை வரைந்தார். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980இல் இதனை ஆளுமைக் கோளாறுகளுள் ஒன்றாகத் தன் நோய்ப் பட்டியலிற் சேர்த்தது. தீராப் புகழ்ப்பசி, பிறர் துயர் உணராமை, பொறாமை முதலியன இதன் குறிகள்.

மருந்து யாது? வியன்னாவிற் பிறந்து அமெரிக்காவில் தொழில் புரிந்த இருவர் இருவேறு விடை தந்தனர். இளமையில் உரிய பாராட்டும் பரிவும் பெறாத உள்ளம் வளர்ச்சி தடைப்பட்டு நிற்பதே நோய் என்றார் ஹைன்ஸ் கோகுட், தம் 1971ஆம் ஆண்டு நூலில். ஆதலின், நோயாளியின் பெருமைப் பேச்சை மருத்துவர் முதலில் பரிவுடன் கேட்டல் வேண்டும் என்பது அவர் நெறி. ஓட்டோ கெர்ன்பெர்க் 1975இல் வெளியிட்ட நூலில் வேறு நெறி வகுத்தார். அப்பெருமை, உள்ளே கனலும் சினத்தையும் பொறாமையையும் மறைக்கும் கோட்டை. அதனை எடுத்துக்காட்டாது பரிவு மட்டும் காட்டின் கோட்டையே வலுப்பெறும் என்றார்.

கோகுட் தம் கொள்கைக்குச் சான்றாக 1979இல் ‘திருவாளர் இசட்’ என்பாரின் வரலாற்றை வெளியிட்டார். பழைய முறையில் அரைகுறையாய்த் தீர்ந்த நோய் புதிய முறையில் நன்கு தீர்ந்தது என்பது அதன் சாரம். ஆனால் அந்த இசட் கோகுட்டே என்று, 2001இல் அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய சார்லஸ் ஸ்ட்ரோசியர் முடிவு கட்டுகிறார். அங்ஙனமாயின் இரண்டாம் மருத்துவத்தில் மருத்துவரும் நோயாளியும் ஒருவரே. அவ்வழக்கில் சான்று பகர்வார் யார்?

இதனால் கொள்கை பொய்யாகிவிடாது, சான்றே வலுவிழக்கும். கெர்ன்பெர்க்கின் முடிபும் பெரிதும் தாம் கண்ட நோயாளிகளைக் கொண்டு எழுந்ததே. மேலும், அவர் மருத்துவமனைகளில் கடுநோயாளரையும், கோகுட் தம் அறைக்கு வந்து செல்வோரையும் மிகுதியாகக் கண்டனர். வெவ்வேறு நோயாளரைக் கண்டவர் வெவ்வேறு நெறி வகுத்ததில் வியப்பில்லை. பரிவின்றிக் குறை கூறின் நோயாளி எழுந்து போய்விடுவான். குறையே கூறாவிடின் நோய் போகாது. எனவே, இரண்டையும் காலமறிந்து கையாளுதலே தக்கது எனத் தோன்றுகிறது.

ஆசிரியர்கள் கருதற்குரியது ஒன்றுண்டு. தற்பெருமை பேசும் சிறுவரெல்லாம் இந்நோயாளர் அல்லர். வளரும் பருவத்தின் இயல்புக்கு நோயின் பெயரைச் சூட்டுதல் அறியாமை மட்டுமன்று, தீங்குமாகும்.