கருக்கு மொழியும் நம் காதுகளும்

காரியாபட்டியிலிருந்து அருப்புக்கோட்டை செல்லும் வழியில் கரிசல் மண் விரிந்து கிடக்கிறது. அம்மண்ணில் மழைநீர் தேங்கும் இடத்தை மக்கள் 'கம்மாய்' என்பர். பள்ளிப் பாடமோ அதை 'ஏரி' என்று திருத்தும். ஏட்டில் எழுதும்போது அது 'வெப்பம்'. உழுகிறவரின் உடம்பில் அதுவே 'வெக்கை'.

இத்தகைய சொற்களைக் கொச்சை எனத் தள்ளிய காலம் ஒன்று உண்டு. பிற நாட்டிலும் இத்தகைய சொற்களைக் காத்தவை கதைகளே. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுக் காடுகளில் நாடோடித் தொழிலாளர் தேநீர் காய்ச்சிய தகரப் பாத்திரத்திற்கு 'பில்லி' என்று பெயர். ஹென்றி லாசன் 1896-இல் வெளியிட்ட தம் சிறுகதைத் தொகுதியின் தலைப்பிலேயே அச்சொல்லை அமர்த்தினார். நம் கரிசலில் கி. ராஜநாராயணன் 1982-இல் வட்டார வழக்குகளைத் திரட்டி அகராதியாக்கினார். அதே ஆண்டில் பூமணியின் நாவல் 'வெக்கை' என்னும் பெயரோடு வெளிவந்தது.

எனினும், பல கதைகளில் வட்டாரச் சொல் மேற்கோள் குறிக்குள்தான் வாழ்கிறது. கதைமாந்தர் தம் வழக்கில் பேசுவர். ஆசிரியரோ செந்தமிழில் எட்ட நின்று விவரிப்பார். அந்த வேலியைத் துணிந்து தாண்டிய நூல் பாமாவின் 'கருக்கு' (1992). விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியைச் சேர்ந்த தலித் கத்தோலிக்கரான அவர், தம் வாழ்வைத் தம் தெரு பேசும் மொழியிலேயே எடுத்துரைக்கிறார். விவரிப்பவரும் விவரிக்கப்படுவோரும் ஒரே மொழி பேசும்போது, வாசகர் மேலே நின்று இரங்க இயலாது. அருகே அமர்ந்து கேட்டாக வேண்டும்.

தொடக்கப் பக்கங்களில் வெளியூர் வாசகர் இடறுவார் என்பது உண்மையே. ஆனால் பனைமட்டையின் ஓரத்திலுள்ள ரம்பப் பல்லுக்குத்தான் கருக்கு என்று பெயர். அது கையைக் கீறவே செய்யும். ஏழாண்டுகள் துறவற மடத்தில் வாழ்ந்து வெளிவந்தவர், திருச்சபைக்குள்ளும் சாதி வாழ்வதைச் சொல்லும்போது அது நம்மையே கீறுகிறது. மெருகேற்றிய நடையில் அதை எழுதியிருந்தால், நடையைப் பாராட்டிவிட்டுச் செய்தியை மறந்திருப்போம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் திருவழிபாட்டில் மக்கள் மொழிக்கு இடம் தந்தது. ஆயினும் விசுவாசிகளின் மன்றாட்டைக்கூட நாம் அழகு தமிழில் எழுதிக் கொடுத்தே வாசிக்கச் சொல்கிறோம். இக்கட்டுரையும் அந்நடையில்தான் அமைந்துள்ளது. கம்மாய் வற்றிய துயரைத் தாய் ஒருத்தி தன் சொல்லிலேயே ஆலயத்தில் எழுந்து சொன்னால், திருத்தாமல் கேட்க நம் காதுகள் பழகியிருக்கின்றனவா? 'கருக்கு' நம்மிடம் கேட்பது இதைத்தான்.