இலக்கணம் கண்டதற்கு இலக்கியம்: சைக்கிள் வீரர்களின் வலிப் புராணம்

முதலில் இலக்கியம், பிறகு அதிலிருந்து இலக்கணம். தமிழ் படித்தவர்களுக்கு முதலாண்டிலேயே சொல்லித்தரப்படும் பாடம் இது. 'வெலோமினாட்டி' என்று தங்களுக்குப் பெயர் சூட்டிக்கொண்ட மேலைநாட்டுச் சைக்கிள் பித்தர்களின் கூட்டமொன்று இந்த வரிசையைத் தலைகீழாக்கியிருக்கிறது. 2013இல் அவர்களது முதல் புத்தகம் 'தி ரூல்ஸ்' வெளிவந்தது. சாலைப் பந்தயச் சைக்கிளில் ஏறுகிறவன் எப்படி உடுத்த வேண்டும், காலுறை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும், கால் மயிரை மழிக்க வேண்டுமா, எத்தனை சைக்கிள் வைத்துக்கொள்ளலாம் என்று எண் போட்டு விதிகள். 2017இல் இரண்டாவது புத்தகம், 'தி ஹார்ட்மென்'. பனியிலும் மழையிலும் கல் பாவிய சாலையிலும் உடம்பை உருக்கிக்கொண்ட வைரம் பாய்ந்த பந்தய வீரர்களின் கதைகள். முதல் புத்தகத்தின் துணைத்தலைப்பு சீடனைப் பற்றிப் பேசியது. இரண்டாவதன் துணைத்தலைப்பு தெய்வங்களைப் பற்றிப் பேசுகிறது. சட்டம் எழுதியாயிற்று, இனிச் சட்டத்துக்குச் சாட்சி வேண்டும். முதல் புத்தகம் விற்றது, ஆகவே இரண்டாவது வந்தது என்று பதிப்பகத்தார் கணக்குச் சொல்லலாம். அந்தக் கணக்குக்கு வெளியேயும் ஒரு காரணம் இருக்கிறது. ஸ்மிருதிக்குப் பக்கத்தில் புராணம் இல்லாவிட்டால் ஸ்மிருதி நிற்காது.

'இதெல்லாம் வேடிக்கைக்கு எழுதினதய்யா, இதைப் போய் இப்படிக் குடைகிறீரே' என்பார்கள். இருக்கட்டும். அவர்களது ஐந்தாம் விதி பிரசித்தம்: கெட்ட வார்த்தை ஒன்றைச் சேர்த்து, உடம்பைக் கல்லாக்கிக்கொள் என்ற பொருளில் ஒரே கட்டளை. எந்த முனகலுக்கும் அதுதான் பதில். நேராகச் சொல்லப்பட்ட கட்டளையை எதிர்த்துக் கேட்கலாம். சிரித்துக்கொண்டே சொல்லப்படும் கட்டளையை எதிர்த்துக் கேட்பவன் 'நகைச்சுவை தெரியாதவன்' ஆகிவிடுகிறான். கட்டளை மட்டும் அப்படியே நிற்கிறது. கிண்டல் என்பது இங்கே அதிகாரத்தின் முன்ஜாமீன்.

நான் இரண்டாவது புத்தகத்தைப் பக்கம் பக்கமாக மதிப்பிட வரவில்லை. அது எந்தக் களஞ்சியத்திலிருந்து அள்ளுகிறதோ, இவ்வகை நூல்கள் எல்லாமே எதிலிருந்து அள்ளுகின்றனவோ, அந்தக் கதைக் களஞ்சியத்தைப் பற்றித்தான் என் பேச்சு. சும்மா சொல்லக்கூடாது, கீழே வைக்க மனம் வராத கதைகள். நானும் மயங்கியவன்தான். மயங்கியபின் சுதாரித்துக்கொண்டு யோசிக்கும்போது ஒரு சங்கதி உறுத்துகிறது: இந்தக் கதைகளில் வீரனுக்கு எதிரியாக மலை வருகிறது, காற்று வருகிறது, பனி வருகிறது. அவனை அந்த மலைமேல் ஏற்றிவிட்டவன் வருவதேயில்லை.

எழேன் கிறிஸ்தோஃப் கதையை எடுத்துக்கொள்வோம். 1913, டூர் டி பிரான்ஸ். பிரனே மலைத்தொடரில் துர்மலே கணவாயைத் தாண்டி இறங்கும்போது அவரது சைக்கிளின் முன்கவை ஒடிந்துவிட்டது. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு பதினான்கு கிலோமீட்டர் போல நடந்தே சாந்த் மரி தெ காம்பான் என்ற ஊருக்கு வருகிறார். அங்கே ஒரு கொல்லன் பட்டறை. பழுதைத் தானே சரிசெய்ய வேண்டும், பிறர் கை படக்கூடாது என்பது பந்தய விதி. கிறிஸ்தோஃப் இளவயதில் பூட்டுத் தொழில் பழகியவர். தானே உலையில் இரும்பைக் காய்ச்சி அடித்துக் கவையை ஒட்டினார். சுற்றி நின்று அதிகாரிகள் கண்காணித்தார்கள். இரண்டு கைக்கும் வேலை இருந்ததால் பட்டறையில் இருந்த ஒரு சிறுவன் துருத்தி ஊதினான். அதற்காகக் கிறிஸ்தோஃபுக்குப் பத்து நிமிடம் தண்டனை. பிறகு அது மூன்று நிமிடமாகக் குறைக்கப்பட்டது. ஏற்கெனவே மணிக்கணக்கில் பின்தங்கிவிட்டவருக்கு மூன்றென்ன, பத்தென்ன!

இந்தக் கதை எத்தனையோ தடவை சொல்லப்பட்டாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் கிறிஸ்தோஃபின் வைராக்கியம்தான் அதன் பொருள் என்கிறார்கள். நான் இதைத் துருத்தி ஊதிய பையனிடமிருந்து வாசிக்க விரும்புகிறேன். ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குக் கைகொடுத்தது இங்கே குற்றமாகப் பதிவாகிறது. தனியாள் வீரம் என்பது மலைச்சரிவில் தானாக முளைத்ததல்ல. விதியால், தண்டனையால், கண்காணிப்பால் உற்பத்தி செய்யப்பட்டது. தொன்மம் பிறகு வந்து அதை அந்த ஆளின் சுபாவம் என்று எழுதிவைத்தது.

உற்பத்தி செய்தது யார்? ஒரு பத்திரிகை. ட்ரைஃபஸ் வழக்கில் பிரான்ஸ் இரண்டுபட்டுக் கிடந்த காலம். 'லெ வெலோ' என்ற விளையாட்டுப் பத்திரிகையின் ஆசிரியர் ட்ரைஃபஸுக்கு ஆதரவானவர். அது பிடிக்காமல் தெ தியோன் என்ற கோமானும் வேறு சில தொழிலதிபர்களும் 1900இல் போட்டிப் பத்திரிகை தொடங்கினார்கள். அதுதான் பின்னர் 'லோத்தோ'. ஆசிரியர் ஆன்ரி தெக்ரான்ஜ். விற்பனை படுத்துக்கிடந்தது. அதைத் தூக்கி நிறுத்த 1903இல் கண்டுபிடிக்கப்பட்டதுதான் டூர் டி பிரான்ஸ். ஆறு கட்டங்கள், 2428 கிலோமீட்டர். கிளம்பியவர்கள் 60 பேர், முடித்தவர்கள் 21. வென்றவர் மாரிஸ் காரேன், சிறுவயதில் புகைபோக்கி துடைத்தவர். பந்தயத்தால் பத்திரிகை விற்பனை இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது. 'லெ வெலோ' 1904இல் மூடப்பட்டது. ஒரே ஒருவன் மட்டும் முடிக்கக்கூடிய பந்தயமே உன்னதமான பந்தயம் என்று தெக்ரான்ஜ் சொன்னதாகச் சொல்வார்கள். பந்தயத்தை நடத்துபவரும் அவரே, விதி செய்பவரும் அவரே, மறுநாள் காலையில் அதைக் காவியமாக எழுதி விற்பவரும் அவரே. வலிக்குக் கொள்முதல் விலையும் உண்டு, விற்பனை விலையும் உண்டு. நடுவில் நின்றவர் லாபம் பார்த்தார்.

ரொலான் பார்த் 1957இல் வெளியான 'மிதாலஜீஸ்' தொகுப்பில் டூர் பந்தயத்தைக் காவியமாகவே வாசித்தார். வீரர்களின் பெயர்கள் எப்படி அடைமொழிகளாகின்றன, மலைகள் எப்படி ஆள்களாகின்றன, வாந்தூ மலை எப்படிப் பலி கேட்கும் கொடுந்தெய்வமாகிறது என்றெல்லாம் அவர் காட்டியது இன்றும் கூர்மையாக இருக்கிறது. ஆனால் பார்த்தின் கண் பிரதியின்மேல் இருந்தது. சம்பளப் பட்டியலின்மேல் குறைவாகவே விழுந்தது. நம்முடைய சிறுபத்திரிகைகளில் பார்த்தைக் கொண்டாடியவர்களும் (நான் உட்பட) இந்த இடத்தைச் சௌகரியமாகத் தாண்டிப்போனோம்.

சம்பளப் பட்டியலைப் பார்த்தவர் ஒருவர் உண்டு. அல்பேர் லோந்த்ர் என்ற நிருபர். 1923இல் பிரெஞ்சு கயானாவின் தண்டனைக் குடியிருப்புகளைப் பற்றி எழுதி நாட்டையே உலுக்கியவர். மறு ஆண்டு 'லெ பெத்தி பரிசியேன்' பத்திரிகைக்காக டூர் பந்தயத்தின் பின்னால் போனார். முந்தைய ஆண்டின் வெற்றியாளரான ஆன்ரி பெலிசியே, அவர் தம்பி பிரான்சிஸ், தோழர் வில் ஆகிய மூவரும் கூத்தான்ஸ் என்ற ஊரில் பந்தயத்தை உதறிவிட்டு ஒரு காபிக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். விஷயம் ஒரு மேல்சட்டை. விடியுமுன் கிளம்பும்போது குளிருக்குப் போட்ட சட்டையை வெயில் ஏறியதும் கழற்றி எறியக்கூடாது என்பது விதி; ஆன்ரி எத்தனை சட்டை போட்டிருக்கிறார் என்று ஓர் அதிகாரி தொட்டுப் பார்த்திருக்கிறார். பொறுத்தது போதும் என்று இறங்கிவிட்டார்கள். கண்ணுக்குக் கொக்கெய்ன், ஈறுக்குக் குளோரோஃபார்ம், பிறகு மாத்திரைகள் என்று பையிலிருந்ததை எடுத்து மேசைமேல் காட்டினார்கள். லோந்த்ருக்குச் சைக்கிள் தெரியாது, அவரைக் கொஞ்சம் ஆட்டிவைத்தோம் என்று பிரான்சிஸ் பிற்காலத்தில் சொன்னதும் பதிவாகியிருக்கிறது. மாத்திரையில் மிகை இருக்கலாம். சட்டையில் மிகை இல்லை.

'சாலையின் தண்டனைக் கைதிகள்' என்ற தொடர் அந்தக் கட்டுரைகளோடு ஒட்டிக்கொண்டது. அந்தத் தொடருக்குப் பிறகு என்ன ஆயிற்று பாருங்கள். குற்றச்சாட்டாகச் சொல்லப்பட்டது பட்டமாகிவிட்டது. இன்று ஓய்வு நாளில் விலையுயர்ந்த சைக்கிளில் மலையேறுகிற மத்தியதர வர்க்கத்து ஆள் தன்னைச் 'சாலையின் கைதி' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடிகிறது. விலங்கு மெடலாயிற்று. அவருக்கு வலி ஒரு தேர்வு. வேண்டாமென்றால் வீட்டுக்குப் போய் வெந்நீரில் குளிக்கலாம். கட்டாயத்தால் பட்ட வலியையும் தேர்ந்துகொண்ட வலியையும் ஒரே சொல்லில் அடைப்பதுதான் இந்தப் புராணத்தின் ஆதாரமான மோசடி.

இதற்காக வீரர்களையெல்லாம் அப்பாவிப் பாட்டாளிகளாக்கி மாலை போடவும் நான் தயாரில்லை. 1966இல் போர்தோ அருகே வீரர்கள் சைக்கிளை விட்டு இறங்கி எதிர்ப்புக் காட்டியது ஊக்கமருந்துச் சோதனையை எதிர்த்து. மறு ஆண்டு ஜூலை 13 அன்று டாம் சிம்ப்சன் வாந்தூ மலையில் விழுந்து இறந்தார்; உடலில் ஆம்ஃபெட்டமினும் மதுவும் இருந்தன. அவர் நினைவுக் கல்லருகே சைக்கிள்காரர்கள் தண்ணீர்ப் புட்டிகளை வைத்துவிட்டுப் போகிறார்கள். நடுகல்லுக்குப் படையல் வைத்த மரபில் வந்தவர்களுக்கு இது புரியாததல்ல. அந்தக் காலத்தில் டூர் பந்தயத்தில் ஒருவர் எத்தனை புட்டி தண்ணீர் வாங்கிக்கொள்ளலாம் என்பதற்கும் கட்டுப்பாடு இருந்தது என்பதையும் அந்தக் கல்லருகே நின்றுதான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

எல்லாச் சிக்கலும் ஒரே உடம்பில் கூடிய ஆள் பெர்னார் இனோ. ஹார்ட்மென் என்ற சொல்லே இவருக்காகச் செய்யப்பட்டதோ என்று தோன்றும். 1980 ஏப்ரல், லியேஜ்–பாஸ்தோன்–லியேஜ் பந்தயம். பனி கொட்டுகிறது. 174 பேர் கிளம்பினார்கள். 21 பேர் முடித்தார்கள். இனோ ஒன்பது நிமிடத்துக்கும் மேல் முன்னால் வந்து ஜெயித்தார். குளிரில் இரண்டு விரல்கள் மரத்துப்போயின. அந்தப் பாதிப்பு வெகுகாலம் தொடர்ந்தது. இவ்வகை நூல்களின் கோபுரக் கலசம் இந்தக் கதை.

அதே 1980, ஜூலை மாதம். டூர் பந்தயத்தில் முன்னணியில் இருக்கிறார், மஞ்சள் சட்டை உடம்பில். முழங்கால் வீங்கி வலிக்கிறது. போ என்ற ஊரில், இரவோடிரவாக, பந்தயத்தை விட்டு விலகிவிட்டார்! ஆகஸ்டு முடிவில் அதே முழங்காலோடு உலகச் சாம்பியன் பட்டம் வென்றார். புராணம் ஏப்ரலைப் பாடுகிறது. ஜூலையை 'துரதிருஷ்டம்' என்று ஓரமாக ஒதுக்குகிறது. ஜூலையில் அவர் ஐந்தாம் விதியைக் கேட்டிருந்தால் ஆகஸ்டு இருந்திருக்குமா?

இன்னும் இருக்கிறது. 1978, இனோவின் முதல் டூர். இரவு வெகுநேரம் கழித்துப் படுக்கை, விடியுமுன் எழுப்புதல், ஒரே நாளில் இரண்டு கட்டப் பந்தயம். வலான்ஸ் தழான் என்ற சிற்றூரின் எல்லைக்கோட்டுக்குச் சற்று முன்னால் வீரர்கள் அத்தனை பேரும் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தே வந்தார்கள். முன்வரிசையில் பிரெஞ்சுச் சாம்பியன் சட்டையில், மார்பை நிமிர்த்திக்கொண்டு, 23 வயது இனோ. வேலைநிறுத்தத்தின் முகம் அவர். ஆறு ஆண்டு கழித்து, 1984இல் பாரிஸ்–நீஸ் பந்தயம். லா சியோதா கப்பல்கட்டும் தளத் தொழிலாளர்கள் தங்கள் வேலை பறிபோவதை எதிர்த்துச் சாலையை மறித்து நிற்கிறார்கள். அதே இனோ அந்தக் கூட்டத்துக்குள் சைக்கிளை விட்டு, இறங்கி, அவர்களைக் குத்தினார். புகைப்படம் இருக்கிறது. உலகெங்கும் அதை ரசித்துப் பார்க்கிறார்கள்.

தன் வேலைநிறுத்தம் நியாயம், அடுத்தவன் வேலைநிறுத்தம் வழிமறிப்பு. இதை இனோ என்கிற தனிமனிதனின் குணக்கேடு என்று முடித்துக்கொள்வது சுலபம். பிரெத்தோன் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, உழைப்பு தெரியாதவரல்ல. தன் வலியைத் தொழிலாளியின் வலியாக அல்லாமல் தன் மகத்துவத்தின் சான்றாகப் பார்க்கப் பழகிய ஒருவருக்கு, வேலை இழக்கும் கப்பல் தொழிலாளி தடைக்கல்லாகத்தான் தெரிவான். புராணம் வாசகர்களை மட்டும் ஏமாற்றவில்லை. தன் நாயகர்களையும் ஏமாற்றியது.

தலைப்பில் இருக்கும் ஆணைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரில் பர்ட்டன், இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ருபார்ப் தோட்டத்தில் கூலிவேலை பார்த்தவர். 1967இல் பன்னிரண்டு மணிநேரத்தில் 277.25 மைல் ஓட்டினார். அதே பந்தயத்தில் ஆண்களுக்கான புதிய சாதனையைப் படைத்துக்கொண்டிருந்தவரை முந்திச் செல்லும்போது ஓர் அதிமதுர மிட்டாயை நீட்டினார், அவரும் வாங்கிக்கொண்டார். 1969 வரை எந்த ஆணாலும் அந்தத் தூரத்தைத் தாண்ட முடியவில்லை. இவரை இவ்வகைப் புத்தகத்தில் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் சொல் அவரைக் கௌரவ ஆணாக்கித்தான் உள்ளே விடும். மிட்டாயை என்ன செய்வது? முந்துகிறவள் முந்தப்படுகிறவனுக்குத் தின்னக் கொடுக்கிற இந்தச் செய்கைக்கு இந்த இலக்கணத்தில் விதி இல்லை. கிறிஸ்தோஃபின் அதிகாரிகள் பார்த்திருந்தால் தண்டனை போட்டிருப்பார்கள்.

இதெல்லாம் பழங்கதை, இப்போது யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். 2016இல்தான் சர்வதேசச் சைக்கிள் சங்கம் கடும் வானிலைக்கென்று ஒரு நெறிமுறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2020 அக்டோபர் 22இல் இத்தாலியச் சுற்றுப் பந்தயக்காரர்கள் ஸ்தெல்வியோ கணவாயைத் தாண்டினார்கள். மறுநாள் காலை மொர்பேன்யோவில் மழை, குளிர். எதிரே அஸ்தி வரை 250 கிலோமீட்டருக்கு மேல். கொள்ளைநோய்க் காலம் வேறு. ஓட்ட மாட்டோம் என்றார்கள். பந்தயம் 124 கிலோமீட்டராகச் சுருக்கப்பட்டது; மீதித் தூரத்தைப் பேருந்தில் கடந்தார்கள். இதற்கு யாராவது விலை கொடுத்தாக வேண்டும் என்று பந்தய இயக்குநர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அன்று அந்த வீரர்களை அடிக்க எடுக்கப்பட்ட பிரம்பு எது தெரியுமா? பழைய வீரர்கள். அந்தக் காலத்தில் பனியில் ஓட்டவில்லையா, இந்தக் காலத்துப் பிள்ளைகள் மெழுகுப் பொம்மைகள் என்று. வலான்ஸ் தழானில் முன்வரிசையில் நடந்தவரின் பெயரை அன்று யாரும் எடுக்கவில்லை. எடுத்ததெல்லாம் லியேஜில் பனிக்குள் ஓட்டியவரின் பெயர்.