நம் படம் எந்தக் கடையில் இருக்கிறது?

எந்தத் தியேட்டரில் என்ன படம் ஓடுது என்று தமிழ்நாட்டுச் சுவர்களுக்குச் சொன்ன ஊர் சிவகாசி. இங்குள்ள ஆப்செட் அச்சகங்களில் அடித்த போஸ்டர்தான் ஊர் ஊராகப் போனது. எழுத்துக்கூட்டத் தெரியாத கிழவியும் சுவரைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். இன்றைக்கு அந்த வேலையை ஜெர்மனியில், பெர்லினில் இருக்கும் ஜஸ்ட்வாட்ச் என்கிற கம்பெனி செய்கிறது. நாட்டைச் சொல்லி, படத்தின் பேரைத் தட்டினால் நெட்ஃபிளிக்ஸா, அமேசான் பிரைமா, சோனி லிவ்வா, சந்தாவா, வாடகையா என்று காட்டிவிடும். அது படத்தைக் காட்டாது, கடையைக் காட்டும். உபயோகமான சாமான்தான். எங்கள் படிப்பு வட்டத்துப் பிள்ளைகள் "கூழாங்கல் எதுலண்ணே இருக்கு?" என்று கேட்டால் நானும் அதைப் பார்த்துத்தான் சொல்கிறேன். என் சண்டை வேறே.

மாரி செல்வராஜ் ஒரே ஆள். அவருடைய 'பரியேறும் பெருமாள்', 'கர்ணன்' அமேசான் பிரைமுக்குப் போயின. 2023இல் 'மாமன்னன்' நெட்ஃபிளிக்ஸுக்கு. 2024இல் 'வாழை' ஹாட்ஸ்டாருக்கு. அந்தக் கடையும் 2025 பிப்ரவரியில் பேர் மாறி ஜியோஹாட்ஸ்டார் ஆகிவிட்டது. ஒரு படைப்பாளியை முழுசாப் பாக்கணும்னா மூணு கடைக்குச் சந்தா கட்டணும். பயராபீஸில் கூலிக்குக் குழாய் உருட்டுகிற வீட்டில் இது நடக்கிற காரியமா?

தேடுவதற்கும் இங்கிலீஷ் எழுத்து வேணும். 'சேத்துமான்' என்பதில் எத்தனை 'டி', எத்தனை 'எச்' என்று தெரியாத பையன், படம் இல்லை என்று நினைத்துப் போனை வைத்துவிடுகிறான். பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021இல் ரோட்டர்டாம் விழாவில் புலி விருது வாங்கியது. நம் கைக்கு அது சோனி லிவ் வழியாக வந்தது 2023 அக்டோபரில். வெயிலில் நடக்கிறவனின் கதை ஐரோப்பாவுக்கு முதலில், வெயிலில் நடக்கிறவனுக்குக் கடைசியில்.

'ஜெய் பீம்' 2021 நவம்பரில் நேரே அமேசான் பிரைமில் வந்தது, தியேட்டர் பக்கம் வரவில்லை. சந்தா கட்டியவர் வீட்டுக்குள் பார்க்கலாம். சேரித் தெருவில் வேட்டியைக் கட்டி எல்லாருக்கும் போட்டுக்காட்ட அந்தச் சந்தாவில் உரிமை கிடையாது. சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்கிறது நிபந்தனை. நம்ம ஜனத்துக்கு 'சொந்த' என்றால் தெரு என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இருக்கிற படமும் நிலையாக இருக்குமா? பிராமண வீட்டுப் பெண் கறி சமைக்கிற 'அன்னபூரணி'யை, புகார் வந்ததும் 2024 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸிலிருந்து எடுத்துவிட்டார்கள். தியேட்டருக்குத் தணிக்கை ஆன படம்தான் அது. கறி வாசனை கடைக்காரனையும் ஓடவைக்கிறது.

மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றித் திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' (2017) இதற்கு நேர் எதிர். அரங்கில் திரையிடப் போலீஸ் விடவில்லை; யூடியூபில் ஏற்றினார்கள், சந்தா இல்லாமல் ஜனம் பார்த்தது. பெரிய கடைகள் தேடிப்போய் வாங்கும் சரக்கு இதுவல்ல.

நமக்கு ரொம்பக் கிட்டத்தில் உள்ளது இன்னொன்று. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசு வேலையில் கிடந்த பிள்ளைகளைப் பற்றிச் சலம் பென்னூர்கர் 1990இல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்'. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இலேயே வந்துவிட்டது. சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 1996இல். நடுவில் நின்று சாட்சி சொன்ன படம் இது. சந்தா வாங்கும் கடைகள் எதிலும் நான் இதைக் கண்டதில்லை. அதில் வருகிற பிள்ளைகளுக்கு இப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். அவர்கள் வீட்டிலும் போன் இருக்கிறது. அதில் ஊரான் கல்யாணமும் பேய்ப்படமும் ஓடுகிறது.

அந்த நாளில் திரைப்பட இயக்கங்களில் இருந்த தோழர்கள் யாரிடமாவது இதன் பிரதி இருந்தால் எழுதுங்கள். படைப்பாளி தரப்பில் அனுமதி கேட்டு, பயராபீஸ் வண்டி ஆட்களை இறக்கிவிட்டுப் போனபிறகு, எங்கள் தெருவிலேயே போடலாம்.