மேடையும் பாடலும்: மாத்தளையிலிருந்து ஒரு நோக்கு

பிளாக்பிங்க் என்னும் கொரிய இசைக்குழுவின் பெண்கள் நால்வரது உலக இசைப்பயணம் 2022 ஒக்டோபரிற் சியோலில் தொடங்கி, 2023 செப்டெம்பரில் அந்நகரிலேயே நிறைவுற்றது. அதனை வெறும் நுகர்பொருட் பண்பாடென ஒதுக்குதல் எளிது. ஆனால், மாத்தளைத் தோட்டங்களின் காமன் கூத்தில் இரதி வேடத்தையும் மரபாக ஆண்களே புனைந்தனர் என்பதை மறந்து நாம் அத்தீர்ப்பை வழங்கலாகாது. கொழுந்து பறித்த பெண்ணுக்குத் தாலாட்டும் ஒப்பாரியும் உரியனவாயின, ஆட்டக்களம் உரியதாகவில்லை. இந்நிலையை மீறி, மலையகத் தோட்டங்களிற் பாடிச் சென்றவர் மீனாட்சியம்மாள் நடேசய்யர். 1940இல் நூலுருப்பெற்ற அப்பாடல்கள் தொழிலாளரின் உரிமையைப் பேசின. அவற்றை யாத்தவரும் அவரே. பிளாக்பிங்க் நால்வரோ மேடையை வென்றும், பெரும்பாலும் நிறுவன இசையமைப்பாளர் ஆக்கியவற்றையே பாடுகின்றனர். எனவே, மேடையில் நிற்பவர் யாரென்பதோடு, பாடலை ஆக்குபவர் யாரென்பதும் நம் விமரிசனத்தின் வினாவாதல் வேண்டும்.