தாழை மடல் தரும் மினுக்கு

பெங்களூர்–மைசூர் சாலையில் சன்னபட்டணம் வந்தால் பொம்மைக் கடைகள்தான் கண்ணில் படும். எனக்கென்னவோ அவற்றைவிடக் கடைசல் பட்டறைதான் பிடிக்கும். வெப்பாலை மரத்துண்டு சுழல்கிறது. உளி பட்டதும் வெளுப்பாகச் சீவல் உதிர்கிறது. அப்புறம்தான் வேடிக்கை. வண்ணம் பூசத் தூரிகை கிடையாது. நிறம் சேர்த்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்திப் பிடிக்கிறார்கள்; உரசல் சூட்டிலேயே அரக்கு இளகி ஒட்டிக்கொள்கிறது. முதலில் திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். மேலே காய்ந்த தாழை மடலை வைத்துத் தேய்த்தால், நிறம் சீராகப் பரவிப் பளபளவென்று ஆகிவிடுகிறது. பெயிண்ட் அடித்த பொம்மை இதன் பக்கத்தில் நிற்காது. இயற்கைச் சாயம் சேர்க்கும் பட்டறைகளில் மஞ்சள் நிறத்துக்குப் போடுவது நம் சமையல் மஞ்சளேதான்.