சேப்பாக்கம் அரண்மனையும் அதன் பயன்பாடுகளும்: ஒரு மதிப்பீடு

பழங்கட்டடங்களைப் பற்றி எழுதுவோர் அவற்றின் தூண்களையும் வளைவுகளையும் குவிமாடங்களையும் விரிவாக வருணிப்பர். அக்கட்டடத்தினுள் யார் இருந்தனர், என்ன பணி நடந்தது, அப்பணி ஏன் நின்றது என்னும் வினாக்களுக்கு அவர்தம் எழுத்தில் இடம் குறைவு. எனினும் இவ்வினாக்கள் நம் மண்ணுக்குப் புதியவை அல்ல. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் உள்ள திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில் வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அங்கே இயங்கிய ஆதுலசாலையில் 15 படுக்கைகள் இருந்ததையும், மருத்துவர், அறுவை செய்வோர், மூலிகை கொணர்வோர், தாதியர் ஆகியோர்க்கு அளிக்கப்பட்ட ஊதியத்தையும், இருப்பில் இருந்த மருந்துகளின் பெயர்களையும் அது பதிவு செய்கிறது. மாணவர் தங்கிப் பயின்ற கல்விச்சாலை பற்றியும் பேசுகிறது. அந்த ஆதுலசாலை இன்று இல்லை. ஆயினும் அது என்ன செய்தது என்பதை நாம் அறிவோம். கட்டடத்தின் பயனைச் சுவரே சொல்லுமாறு செய்த மரபு அது.

இந்த அளவுகோலைக் கையில் கொண்டு சென்னைச் சேப்பாக்கம் அரண்மனையை நோக்கின் நிலைமை நேர்மாறாக இருப்பதைக் காணலாம். அங்கே சுவர்கள் நிற்கின்றன. அவற்றின் வரலாற்றைச் சொல்வார் அரியர்.

கர்நாடக நவாப் முஹம்மது அலி வாலாஜாவுக்காக 1768இல் முடிக்கப்பெற்றது இவ்வரண்மனை. ஆற்காட்டை விட்டுக் கம்பெனியாரின் கோட்டைக்கு அருகில் குடியேற நவாப் விரும்பியதே இதற்குக் காரணம். கட்டியவர் பால் பென்ஃபீல்டு என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஹுமாயூன் மஹால், கலஸ் மஹால் என்னும் இரு பெரும் பகுதிகளும், அவற்றைச் சூழ்ந்து கூவம் ஆற்றங்கரை வரை பரந்த தோட்டங்களும் இதன்கண் அடங்கின.

நம்மவருள் சிலர் இவ்வரண்மனையைப் பற்றி எழுதுங்கால் இழந்த பெருமைக்கான இரங்கற்பாவாகவே எழுதிவிடுகின்றனர். அது வரலாற்றுக்கு முழு நியாயம் செய்வதாகாது. வாலாஜா கலைஞர்களையும் ஆலிம்களையும் போற்றியவர் என்பது மெய். லக்னோ ஃபரங்கி மஹல் மரபின் பேரறிஞர் பஹ்ருல் உலூம் அப்துல் அலீ அவர்கள் சென்னைக்கு வந்து கற்பித்ததும் அவர் ஆதரவினாலேயே. அவர் கம்பெனி அலுவலர்களிடம் பெருங்கடன் பட்டவர் என்பதும் அதே அளவு மெய். அக்கடன்களைப் பற்றி 1785இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் பேசியபோது கடன் கொடுத்தோருள் முதன்மையாகக் கண்டிக்கப்பட்டவர் அதே பென்ஃபீல்டு. 1773இல் தஞ்சை அரசு கைப்பற்றப்பட்டதையும் இக்கடன் வரலாற்றினின்று பிரிக்க இயலாது. குடிகளின் வரியும் அயலாரின் வட்டியும் அச்சுவர்களின் பின்னணியில் உள்ளன. அழகைப் போற்றும்போது இதையும் சொல்வதே நேர்மை.

1801ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஆட்சி முழுவதும் கம்பெனியிடம் சென்றது. நவாப் பட்டம் மட்டும் எஞ்சியது. 1855இல் நவாப் குலாம் கவுஸ் கான் வாரிசின்றி மறைந்ததும் பட்டமும் நீக்கப்பட்டது. அரண்மனை விற்பனைக்கு வந்தது. சென்னை அரசே அதனைப் பெற்றுக்கொண்டது. அதன்பின் தர்பார் கூடிய இடங்களில் வருவாய் வாரியமும் பொதுப்பணித் துறையும் அமர்ந்தன. கலஸ் மஹாலில் பொறியியல் கல்லூரி இயங்கி, 1920இல் கிண்டிக்குப் பெயர்ந்தது. தோட்ட நிலங்களில் ஒரு பகுதி கிரிக்கெட் மைதானமாயிற்று. வேறொரு பகுதியில் பல்கலைக்கழகம் எழுந்தது. இரு மஹால்களுக்கும் இடையே ராபர்ட் சிஷோம் ஒரு கோபுரத்தை எழுப்பினார்.

ஈண்டு ஒரு முரணைச் சுட்டவேண்டும். நவாபின் குடும்பத்தாருக்கு 1867இல் ஆற்காடு இளவரசர் என்னும் பட்டம் வழங்கப்பட்டது. பின்னர் இராயப்பேட்டையில் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட அமீர் மஹால், 1798இல் கம்பெனி தன் அலுவலகத்துக்கெனக் கட்டியது. அதனை மாளிகையாக மாற்றியமைத்தவரும் சிஷோமே. அரண்மனை அலுவலகமாயிற்று, அலுவலகம் அரண்மனையாயிற்று. அதிகாரம் கை மாறியதை இவ்விரு கட்டடங்களும் போல் தெளிவாக உரைக்கும் ஆவணம் பிறிதில்லை எனலாம்.

சேப்பாக்கம் அரண்மனையை இந்தோ-சாரசனிக் பாணியின் முன்னோடி என்று சிறப்பிப்பது வழக்கம். இவ்வழக்கு நம் மறுபரிசீலனைக்கு உரியது. சாரசன் என்பது முஸ்லிம்களை ஐரோப்பியர் அழைத்த பெயரேயன்றி, எக்காலத்தும் முஸ்லிம்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயர் அன்று. நவாபின் அரண்மனையில் கண்ட கூறுகளைச் சிஷோம் போன்றோர் பின்னாளில் அரசாங்கக் கட்டடங்களுக்கு எடுத்தாண்டனர். அப்பின்னாளைய பாணியின் பெயரை முன்னதற்குச் சூட்டும்போது, மூலம் நகலின் நிழலாகிவிடுகிறது. தக்காணத்து முஸ்லிம் கட்டடக் கலையின் தொடர்ச்சியாக இதனைக் காணும் ஆய்வு நம்மிடையே வளரவேண்டும்.

2012 ஜனவரியில் கலஸ் மஹாலில் பெருந்தீ பற்றியது. தீயணைப்பு அலுவலர் ஒருவர் உயிர் நீத்தார். அலுவலகக் கோப்புகள் சாம்பலாயின. தீக்குப் பின் பொதுப்பணித் துறை சுண்ணாம்புக் கலவை முதலிய பழைய முறைகளைக் கொண்டு கட்டடத்தை மீட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே இடம்பெற்றது. ஹுமாயூன் மஹாலும் பின்னர்ப் புதுப்பிக்கப்பட்டது. பாழ்பட்டுக் கிடந்த சுவர்களை எழுப்பிய தச்சர், கொத்தர், பொறியாளர் ஆகியோரின் உழைப்பு பாராட்டுக்குரியது. பயனின்றிக் கிடப்பதைவிட நீதி வழங்கும் இடமாக விளங்குவது மேல் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் மீட்கப்பட்டது செங்கல்லும் காரையுமே. இங்கே ஒரு தர்பார் இருந்தது, ஒரு கல்லூரி இருந்தது என்ற நினைவு அவற்றோடு மீளவில்லை.

இதற்கு அருகே திருவல்லிக்கேணியில் 1795இல் எழுந்த வாலாஜா பள்ளிவாசலையும் ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். அதன் ஆண்டைக் குறிக்கும் பாரசீகக் கவிதையை இயற்றியவர் ராஜா மக்கன்லால் கிராத் என்னும் இந்து அறிஞர். அக்கவிதை பள்ளிவாசலிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. பஹ்ருல் உலூம் அவர்கள் அடங்கியிருப்பதும் அவ்வளாகத்திலேதான். அரண்மனை ஒருவரின் உடைமையாக இருந்தது. கடனோடும் பட்டத்தோடும் சேர்ந்து கைமாறியது. பள்ளிவாசல் தொழுவோர் அனைவருக்கும் உரியதாயிற்று. இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் அதன் பயன் மாறவில்லை.

பிறரைக் குறை கூறும் முன் நம் பங்கையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வாலாஜாவின் வரலாறாகிய துஸுகே வாலாஜாஹியைச் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ். முஹம்மது ஹுசைன் நயினார் 1930களில் ஆங்கிலத்தில் பெயர்த்தார். நவாபின் தோட்டமாயிருந்த நிலத்தில் எழுந்த பல்கலைக்கழகத்தில் ஒரு தமிழ் முஸ்லிம் அறிஞர் அப்பணியைச் செய்தார் என்பது நமக்குப் பெருமை. ஆனால் அவர் தொடங்கிய பணியைத் தமிழில் தொடர்வோர் நம்மிடையே மிகச் சிலரே. நவாபுகளின் மொழி உர்தூவும் பாரசீகமும். எனவே அது நம் வரலாறன்று என்று தமிழ் முஸ்லிம்கள் ஒதுங்குவதும், அது நவாபின் வரலாறு. எனவே நகரத்தின் வரலாறன்று என்று பிறர் ஒதுங்குவதும் ஒரே விளைவையே தருகின்றன.

அரசிடம் நாம் கேட்கவேண்டியது அதிகமில்லை. கலஸ் மஹாலின் வாயிலிலும் ஹுமாயூன் மஹாலின் வாயிலிலும் ஒவ்வொரு கல் நாட்டப்படட்டும். கட்டிய ஆண்டு, கட்டுவித்தவர், கடன், கைமாறிய விதம், கல்லூரி, வாரியம், தீ, மீட்பு ஆகிய அனைத்தும், புகழ்ச்சியின்றியும் மறைப்பின்றியும், தமிழில் அதில் பொறிக்கப்படட்டும். 15 படுக்கைகளின் கணக்கைக் கல்லில் எழுதி வைத்த மண்ணில் இது அரிய செயலன்று.